கழுவிய மறுநாள்

சீமாட்டி பந்தயத்தில் ஓடிய காலத்தில் மற்றக் குதிரைகள் அதன் வாலைத்தான் அதிகம் பார்த்திருக்கும். முன்னங்கால் நரம்பு வீங்கி ஓட்டத்தை நிறுத்தியபோது அதற்குக் கிட்டத்தட்ட நடுவயது. அதுவரை குட்டி போட்டதில்லை. இனிமேலாவது போடட்டும் என்று, நகரத்துக்கு வெளியே குதிரைப் பண்ணை நடத்தும் அண்ணனும் தங்கையும் அதை வாங்கி வந்தார்கள். வந்து மூன்று பருவம் ஆகியும் அதன் வயிறு தின்ற புல்லுக்கு மட்டுமே பெருத்தது.

அண்ணனுக்குப் பண்ணை ஆட்கள் வைத்திருந்த பெயர் பட்டாசு. திரி கிள்ளுவதற்கு முன்பே வெடிப்பார். வெடித்து முடித்தால் புகைகூட மிஞ்சாது. தங்கை நாற்பதைத் தாண்டியவள், ஆனால் அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான். கல்யாணமாகிச் சில வருடங்களில் அந்த வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று பண்ணையில் யாரும் கேட்டதில்லை. குழந்தை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நாளடைவில் வெளி வேலை அண்ணன் பக்கமும் குதிரைகள் தங்கை பக்கமும் தாமாகவே பிரிந்துகொண்டன.

அந்த வருடம் பண்ணைக்குப் புது டாக்டர் வந்தார். நகரத்தில் நாய், பூனைகளுக்குச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த பெண். குதிரைகளைப் பற்றிப் படித்துவிட்டுப் பூனைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்ததால், பண்ணையிலிருந்து போன் வந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகவே கிளம்பி வந்தார்.

லாயத்து வாசலிலேயே அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஆண்குதிரை மேல குத்தமே இல்ல. தளபதி போன வருஷம் கண்ட குட்டியெல்லாம் வேலி தாண்டி ஓடுது. இவதான் சண்டித்தனம் பண்றா. நேத்துக்கூட விட்டோம். நாளைக்கும் விடப்போறோம்."

"எத்தனை தடவை விடுவீங்க?"

"பிடிக்கிற வரைக்கும். தண்ணி வர்ற வரைக்கும் கிணறு தோண்டறதில்லையா?"

டாக்டர் தோள்வரை நீண்ட கையுறையை மாட்டிக்கொண்டார். சீமாட்டியை மரக்கட்டைச் சட்டத்துக்குள் நிறுத்தி, ஸ்கேன் கருவியை உள்ளே செலுத்தி, கையடக்கத் திரையைப் பார்த்தார். சாம்பல் நிறத் தசைக்கு நடுவே கறுப்பாக ஒரு குளம் தெரிந்தது. திரையை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"தண்ணி வந்தாச்சு. அதுதான் பிரச்சனையே."

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். அவருக்கு அது டிவி ரிப்பேரானபோது தெரிவது மாதிரி இருந்தது. ஆனாலும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, போன் வருகிறது என்று சொல்லி நழுவினார்.

தீவன அறையில் ஓட்ஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருந்தது. டாக்டர் அதைத் துடைத்து, காரிலிருந்து மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். கருப்பையிலிருந்து எடுத்த ஒரு சொட்டு நீரைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, உலர்த்தி, சாயம் ஏற்றினார். குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டுக் குனிந்து பார்த்தார். பார்த்து முடித்து நிமிர்ந்தபோது தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பார்க்கலாமா?"

"வாங்க. ஒரு கண்ணை மூடிக்கணும்னு இல்ல, ரெண்டையும் திறந்தே பாருங்க."

தங்கை பார்த்தாள். முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏராளமான செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் முறுக்கிப்போட்ட கயிறு மாதிரி ஓர் உட்கரு. அவற்றில் சிலவற்றுக்குள் சின்னச் சின்னத் தலைகள் தெரிந்தன. ஒன்றின் ஓரத்தில் பாதி விழுங்கிய நூலாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த உருண்டையெல்லாம் என்ன?"

"வெள்ளணுக்கள். சீமாட்டியோட ரத்தத்துல இருந்து வந்தது."

"உள்ள இருக்கறது?"

"தளபதியோடது. விந்தணு."

தங்கை நிமிரவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்தபடியே கேட்டாள்.

"அப்ப இவ உடம்பே அவனை வேணாங்குதா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். கல்லூரியில் கூடப் படித்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் யாரும் அதை இவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை.

"இல்லங்க. எல்லாப் பெண்குதிரைக்கும் இப்படித்தான் வரும். வருஷா வருஷம் குட்டி போடறதுக்கும் வரும். வெளியில இருந்து இவ்வளவு வருது, கூடவே அழுக்கு, கிருமி எல்லாம் வருது. உடம்பு சும்மா இருக்குமா? வெள்ளணுக்கள் கூட்டமா வந்து செத்ததை, நொண்டியை, மிஞ்சினதையெல்லாம் அள்ளும். நல்லா நீந்தறதுல கொஞ்சம் அதுக்குள்ள மேல ஏறிக் கருக்குழாய்க்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும். கருத்தரிக்க அது போதும். கீழ நடக்கறது சுத்தம் பண்ற வேலை."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். வரலன்னாதான் நான் பயப்படுவேன்."

"அப்புறம் இவளுக்கு மட்டும் ஏன் நிக்கல?"

"வர்றதுல கோளாறு இல்ல. போகாததுதான் கோளாறு. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க இல்ல? இந்த விருந்தாளிங்க ஒரு நாள்ல கிளம்பிடணும். இவ ரொம்ப நாள் ஓடிட்டு, குட்டியே போடாம இருந்துட்டா. கருப்பை வாய் இறுகிப் போயிருக்கு. கதவு திறக்காததால வந்த கூட்டமும் நீரும் உள்ளயே தேங்குது. முட்டை கருவாகிக் கீழ இறங்கி வந்தாலும் அந்தக் குட்டையில தங்க முடியாது. உங்க அண்ணன் வேற தினம் தினம் புதுசா ஆள் அனுப்பிக்கிட்டு இருக்கார்."

தங்கை சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் மைக்ராஸ்கோப்பிலிருந்து விலகி டாக்டருக்கு டீ போடப் போனாள்.

டாக்டரின் திட்டம் எளிமையானது. அடுத்த முறை சீமாட்டி பருவத்துக்கு வரும்போது தினமும் ஸ்கேன் செய்து, முட்டை பழுத்த நேரம் பார்த்து, தளபதியை ஒரே ஒரு தடவை விட வேண்டும். சில மணி நேரம் பொறுத்துக் கருப்பையை உப்புக்கரைசலால் கழுவி, அது சுருங்குவதற்கு ஊசி போட வேண்டும். அதன் பிறகு யாரும் எதுவும் செய்யக் கூடாது.

"ஒரே ஒரு தடவையா?" என்றார் அண்ணன். "சாமி கும்பிடறவங்ககூட மூணு தடவை சுத்துவாங்க."

"பதறாத காரியம் சிதறாது."

"பழமொழிக்கெல்லாம் தனியா ஃபீஸ் உண்டா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் ஒப்புக்கொண்டார். இந்த முறையும் இல்லையென்றால் சீமாட்டியைச் சவாரிப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

அந்த நாள் வந்தது. தளபதியைக் கவனித்துக்கொள்பவர் ஒரு காலத்தில் லாடம் அடித்தவர். அதனால் லாடம் என்றே அழைக்கப்பட்டார். அவர் தளபதியைக் கொண்டுவந்தார். காரியம் சீக்கிரம் முடிந்தது. தளபதி தன் கொட்டிலுக்குப் போய்த் தூங்கிவிட்டது. மதியத்துக்கு மேல் டாக்டர் சீமாட்டியின் வாலைத் துணியால் சுற்றிக் கட்டினார். கருப்பை வாயில் களிம்பு தடவி, விரலால் மெதுவாகத் தளர்த்தி, குழாயை உள்ளே விட்டார். உப்புக்கரைசல் உள்ளே போனது. குழாயைத் தாழ்த்தியதும் வெளியே வந்தது. போனது தெளிவாகவும் வந்தது கழுநீர் மாதிரியும் இருந்தது. வாளியில் வெள்ளையாக, பிசிறு பிசிறாக நிறைந்தது. டாக்டர் அதைத் திருப்தியோடு பார்த்தார். தங்கை சீமாட்டியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளியை விட்டு அவள் கண் நகரவில்லை.

"எல்லாம் வெளியே வருதே" என்றாள்.

"வரணும். வேண்டியது எப்பவோ மேல போயாச்சு."

லாடம் வாளியைக் கொண்டுபோய் வடிகாலில் ஊற்றினார். சத்தத்தோடு அது இறங்கிப் போவதைத் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் டாக்டர் வந்தார். கருப்பை வெறுமையாக இருக்கும், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம். ஆனால் திரையில் அதே கறுப்புக் குளம். முந்தைய தடவையைவிடப் பெரிதாகவே இருந்தது. சீமாட்டி காதுகளைப் பின்னுக்குத் தள்ளி எரிச்சலோடு நின்றது.

டாக்டர் ஒரு சொட்டு எடுத்தார். இந்தத் தடவை சாயம் ஏற்றாமல் அப்படியே கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். வெள்ளணுக்களுக்கு இடையில் மீன்குஞ்சுகள் மாதிரி கூட்டங்கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. நேற்று கழுவிய கருப்பையில் இத்தனை உயிரோடு இருக்க வழியே இல்லை.

டாக்டர் அண்ணனையும் தங்கையையும் தீவன அறைக்குக் கூப்பிட்டார்.

"காலையில தளபதியை யார் விட்டது?"

"யாரும் விடல" என்றார் அண்ணன் உடனே. "நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களே."

"இது புதுசு. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு முன்னாடி வந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அண்ணன் வெடிக்க வாயைத் திறந்தார். தங்கையைப் பார்த்தார். அவள் ஓட்ஸ் மூட்டையின் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு கையை வீசினார்.

"சரி, நான்தான் விடச் சொன்னேன். இப்ப என்ன? என் குதிரை, என் பண்ணை."

"நல்லது" என்றார் டாக்டர். "குதிரை கீழ தள்ளினதோட குழியும் பறிச்சுதாம்னு சொல்வாங்க. இங்க குழி பறிக்கறது குதிரை இல்ல."

அவர் சீமாட்டியை மறுபடி கழுவினார். ஊசி போட்டார். கிருமிக்கு மருந்து வைத்தார். கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து நகரத்து ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகமாக இருந்தது. காத்திருக்கும் அறையில் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய நாய் ஒன்று, சுவரில் இடித்து இடித்து நடந்துகொண்டிருந்தது. ஒருவர் மடியில் கூடை, கூடைக்குள் பூனை. அவர்களுக்கு நடுவே தங்கை வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். முறை வந்தபோது உள்ளே போனாள்.

"எங்க, எந்தப் பிராணி?" என்று தலை நிமிராமல் கேட்ட டாக்டர், நிமிர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"அண்ணன் விடல, டாக்டர். நான்தான் விட்டேன். லாடத்துகிட்ட நான் சொன்னா மறுபேச்சு கிடையாது. அண்ணனுக்கு அப்ப ஒண்ணுமே தெரியாது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏன்?"

"வாளியைப் பார்த்தேன். நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுது. மேல போயிருக்கும்னு புத்திக்குத் தெரியுது. ஆனா வடிகால்ல ஊத்தின சத்தம் காதுலயே இருந்துச்சு. எல்லாம் போயிடுச்சுன்னே தோணுச்சு. காலையில எழுந்ததும் கால் தானா தளபதி கொட்டிலுக்குப் போயிடுச்சு."

வெளியே நாயின் கூம்பு கதவில் இடித்தது.

"எனக்கும் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க" என்றாள் தங்கை. "என் வீட்டுக்காரரோட அணுக்களுக்கு எதிரா என் உடம்புல ஏதோ உண்டாகியிருக்குன்னு ஒரு டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாத்தான் சொன்னார், வைத்தியம் இருக்குன்னும் சொன்னார். ஆனா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அது வேற மாதிரி ஆயிடுச்சு. 'இவ உடம்பே என்னை வேணாங்குது'ன்னு வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் சொன்னார். மாமியார் சொன்னாங்க, நாத்தனார் சொன்னா. கேட்டுக் கேட்டு நானும் அப்படித்தான் போலன்னு நினைச்சுட்டேன். மனசுல இருக்கறது உடம்புல வந்திருக்குமோன்னு."

"மனசுல இருந்துச்சா?"

"அப்ப இல்ல. அப்புறம் வந்துச்சு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, தங்கைக்கும் வந்தது. இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

"உங்களுக்கு இருந்தது வேற சமாச்சாரம்" என்றார் டாக்டர் பிறகு. "நான் குதிரை டாக்டர், அதைப் பத்தி எனக்கு முழுசா தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். வெள்ளணு வர்றது மனுஷங்களுக்கும் உண்டு. சுண்டெலிக்கு உண்டு, பன்றிக்கு உண்டு. உடம்புக்கு விருப்பு வெறுப்பு தெரியாதுங்க. புதுசா வந்தா பார்க்கும், அள்ளும், அடங்கும். அடங்கலன்னா வைத்தியம் பண்ணணும். அதுல யாரையும் யாரும் வேணாம்னு சொல்லல."

தங்கை தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை வருவீங்களா?"

"உங்களை அன்னைக்கு வீட்டுல பூட்டி வச்சா வர்றேன்."

"பூட்ட வேணாம். வேலை குடுங்க. சும்மா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாதான் எனக்குக் கோணல் புத்தி வருது."

அடுத்த பருவத்தில் டாக்டர் அவளுக்கு வேலை கொடுத்தார். உப்புக்கரைசல் பையை உயரத் தூக்கிப் பிடிப்பதும் தாழ்த்துவதும் அவள் பொறுப்பு. வெளியே வருவதை வாளிக்குப் பதில் கண்ணாடி ஜாடிகளில் பிடித்தார்கள். முதல் ஜாடி கலங்கலாக இருந்தது. அடுத்தது கொஞ்சம் வெளுத்தது. கடைசி ஜாடியின் பின்னால் தங்கை தன் கையை வைத்துப் பார்த்தாள். ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன.

"போதுமா?"

"போதும்" என்றார் டாக்டர்.

ஜாடிகளைத் தங்கையே கொண்டுபோய் ஊற்றினாள். அன்று மாலை தளபதியின் கொட்டில் சாவியை லாடத்திடமிருந்து வாங்கி அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, யாராவது கேட்கட்டும் பார்க்கலாம் என்ற பாவனையில் நடமாடினார். யாரும் கேட்கவில்லை. மறுநாள் ஸ்கேனில் குளம் இல்லை.

இரண்டு வாரம் பண்ணையில் எல்லாரும் சீமாட்டியைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். அண்ணன் மட்டும் சாப்பாட்டுக்கு நடுவில் திடீரென்று, "சவாரிப் பள்ளிக்காரன் போன் பண்ணினான், நான் எடுக்கல" என்றார். அவர் மனைவி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

டாக்டர் வந்து கருவியை உள்ளே செலுத்தித் திரையைப் பார்த்தார். கருவியை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு நிறுத்தினார். சாம்பல் நிறத்துக்குள் கறுப்பாக, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டம் இருந்தது.

"மறுபடியும் தண்ணியா?" என்றாள் தங்கை.

"தண்ணி இப்படி உருண்டையா இருக்காது. இது கரு."

அண்ணன் லாயத்துக்கு வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். திரும்பி வந்து, எல்லாருக்கும் டீ சொல்லியாச்சா என்று கேட்டார். தங்கை சட்டத்தின் மரக்கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சீமாட்டி அவள் தலைமுடியைப் புல்லென்று நினைத்து மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் அண்ணனிடம் தனியாகச் சொன்னார்:

"அன்னைக்கு உங்களை நான் தப்பாப் பேசிட்டேன்."

"எதைச் சொல்றீங்க? என்னை நாள் முழுக்க யாராவது பேசிக்கிட்டேதான் இருக்காங்க" என்றார் அவர்.

வயிறு வளர வளரச் சீமாட்டியின் குணம் கெட்டது. தளபதி வேலிப் பக்கம் வந்தால் கடிக்கப் போனது. குட்டி ஒரு காலை வேளையில், எல்லாரும் வைக்கோல் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது, யாரையும் கூப்பிடாமல் பிறந்தது. தங்கை போய்ப் பார்க்கும்போது ஈரத்தோடு, நான்கு கால்களையும் நான்கு திசையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்குட்டி. அம்மாவின் கறுப்பும் இல்லை, அப்பாவின் சிவப்பும் இல்லை, சாதாரண மண் நிறம்.

டாக்டர் வந்து நஞ்சுக்கொடி முழுதாக விழுந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். முழுதாக இருந்தது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "இதைச் சீமாட்டி உடம்பு இத்தனை மாசம் ஒண்ணும் பண்ணலையே, பாதி தளபதியோடதுதானே" என்றாள்.

"அது இன்னும் பெரிய கதை. எங்களுக்கே சரியாத் தெரியாது" என்றார் டாக்டர்.

சீமாட்டி அதற்குப் பிறகு இன்னும் ஒரு குட்டி போட்டது. அதுவும் கழுவித்தான். தங்கை பையைத் தூக்கிப் பிடிப்பதிலிருந்து மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணுவது வரை கற்றுக்கொண்டாள். டாக்டருக்கு நகரத்தில் வேலை அதிகமான நாட்களில், ஜாடியின் நிறத்தை போனில் சொல்லி, போதுமா என்று கேட்பாள்.

ஒரு நாள் அண்ணன் எங்கேயோ கேள்விப்பட்ட செய்தியோடு வந்தார். அவளுடைய பழைய கணவன் மறுபடி கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் இன்னும் குழந்தை இல்லையாம். சொல்லும்போது அவர் முகத்தில் தீபாவளி தெரிந்தது. தங்கை புல் வாரிக்கொண்டிருந்தாள்.

"பாவம், அந்தப் பொண்ணை இப்ப என்ன சொல்றாங்களோ" என்றாள்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

மண் நிறக் குட்டி வளர்ந்தது. பந்தயத்துக்குப் பழக்கினார்கள். அதற்கு ஓடத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது, ஓடுவதில் விருப்பம் இல்லை. மற்றக் குதிரைகள் போய்ச் சேர்ந்த பிறகு, வேலியோரத்துப் புல்லைக் கடித்தபடி வந்து சேரும். விற்றுவிடலாம் என்று அண்ணன் பருவத்துக்கு ஒரு தடவை சொல்வார். தங்கை முடியாது என்பாள். இப்போதும் பண்ணைக்கு யாராவது வந்தால் அவர் அதைக் கைகாட்டி அறிமுகம் செய்கிறார்.

"இந்த வட்டாரத்துலயே விலை கூடின புல் வெட்டற மிஷின் இதுதாங்க."